எக்கல்லூரிக்கு விண்ணப்பிப்பது?

கடலூர் மாவட்டத்துக் காடாம்புலியூர் முந்திரியால் வாழும் ஊராகும். அதுவே எம் ஊர். என் தமையனார் பி.காம். பட்டம் பெற்றபின் எம்.பி.ஏ. கற்க விழைந்து, தாம் விண்ணப்பிக்கக் கருதிய பதினொரு கல்லூரிகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்தார். இப்பதினொன்றும் எவ்வாறு தெரிந்தெடுக்கப்பெற்றன என யான் வினவினேன். பத்திரிகையொன்று வெளியிட்ட தரவரிசையின் முதற் பதினொன்று இவையே என்றார். அவ்வரிசையைத் தொகுத்தோர் எம் வீட்டு நிலையை அறிவரோ?

2011-ஆம் ஆண்டு திசம்பர் 30-ஆம் நாள் கரை கடந்த தானே புயலில் இவ்வட்டாரத்து முந்திரியும் பலாவும் பேரளவிற் சாய்ந்தன. எம் கொல்லையும் அதற்குத் தப்பவில்லை. தந்தையார் கடன் பெற்று மீண்டும் கன்று நட்டார். அக்கடன் தீர்ந்து சில ஆண்டுகளே ஆகின்றன. பழைய இந்திய மேலாண்மைக் கழகங்கள் சிலவற்றிலோ, இரண்டாண்டுக் கட்டணம் 20 இலட்சம் ரூபாயைக் கடக்கும். தந்தையார் அத்தாளை வாங்கி நெடிது நோக்கி, “படித்துவிட்டு இங்கே வருவாயா, வெளியூரில் வேலைக்குப் போவாயா?” என ஒன்றே கேட்டார். தமையனார் வாளா இருந்தார். அவ்வினாவிற்கு விடை காணுமுன் பெயர்களை எழுதியதே பிழை என்பது என் கருத்து.

மேலாண்மைக் கல்வி எங்கும் ஒருபடித்தாகத் தோன்றினும், கல்லூரிகள் வெவ்வேறு தேவைக்கெனப் பிறந்தவை. இரும்புத் தொழில் நகராகிய ஜாம்ஷெட்பூரில் 1949-இல் சேசு சபையார் நிறுவிய எக்ஸ்.எல்.ஆர்.ஐ., தொழிலாளர் உறவு பற்றிய கல்வியால் பெயர் பெற்றது. 1961-இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் தோன்றிய மேலாண்மைக் கழகங்கள், வளர்ந்துவந்த பெருந்தொழில்களுக்கு நிருவாகிகளை ஆக்கித் தந்தன. குசராத்தின் ஆனந்த் நகரில் 1979-இல் எழுந்த ஊரக மேலாண்மைக் கழகமோ வேறு வகையினது. சென்னை இலயோலாக் கல்லூரியிற் பயின்ற வர்கீஸ் குரியன் அதனைத் தோற்றுவித்தார். பால் கறக்கும் உழவரே உரிமையாளராயுள்ள கூட்டுறவு நிறுவனங்களை நடத்த வல்லாரைப் பயிற்றுதலே அதன் நோக்கம். 2025-இல் அது திரிபுவன் கூட்டுறவுப் பல்கலைக்கழகமாயிற்று. எம் ஊர்ப் பக்கத்தில் கொட்டை உடைக்கும் கம்பெனிகளுக்கு ஆப்பிரிக்காவினின்றும் கொட்டை வருகின்றது. விலையை உழவரும் சிறு கம்பெனிக்காரரும் வகுப்பதில்லை. முந்திரிக்கே மீள எண்ணுவோர்க்கு ஆனந்த் நகரத்துப் பாடம் கல்கத்தாப் பாடத்தினும் நெருங்கியதன்றோ? தமையனாரின் பதினொன்றில் அப்பெயர் இல்லை!

தமிழ் பயில்வோனாதலின் ஈண்டு ஒரு சொல்லையும் ஆராயப் புகுகின்றேன். பட்டம், பட்டயம் என்னும் இரண்டிற்கும் ஓரெழுத்தே வேற்றுமை. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் வருமுன் இந்திய மேலாண்மைக் கழகங்கள் அளித்தது பட்டயமே. ஆதலின் பட்டயமென்ற அளவில் அதனை இகழ்தல் தகாது. ஆயினும் தனியார் கல்லூரியொன்று பட்டயம் வழங்குமாயின் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் இசைவு அதற்கு உண்டா என்பதையும், பட்டம் வழங்குமாயின் அதனை அளிக்கும் பல்கலைக்கழகம் யாது என்பதையும் பணம் கட்டுமுன் அறிதல் வேண்டும். எம் உறவினர் ஒருவர் கட்டடத்தின் பொலிவை மட்டும் கண்டு ஓரிடத்திற் சேர்ந்து, இரண்டாண்டும் கைப்பொருளும் இழந்தார். அவர் பெற்ற தாளை வேலை தருவோர் எவரும் மதித்திலர்.

விண்ணப்பத்திற்கே பொருட்செலவு உண்டென்பதையும் பலர் மறக்கின்றனர். சி.ஏ.டி. தேர்வுக்கு ஒருமுறை கட்டும் கட்டணம் இந்திய மேலாண்மைக் கழகங்கள் எல்லாவற்றிற்கும் போதும். பிற கல்லூரிகள் பெரும்பாலும் தனித்தனியே பெறுகின்றன. எப்பாடத்திலும் பட்டம் பெற்றோர் அதனை எழுதலாமாதலின், தமிழ் ஆனர்ஸ் மாணாக்கர்க்கும் வாயில் திறந்தே உளது. வினாக்கள் ஆங்கிலத்தில் என்பதை மட்டும் மறவற்க. நம் மாநிலக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் டான்செட் தேர்வு உண்டு.

அண்மையிலுள்ளதை எளிதாக எண்ணுதலும் நம்மிடையே ஒரு வழக்கம். 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எமக்குப் பேருந்துத் தொலைவே. ஆண்டுப் பயின்று ஆசிரியராகவும் இருந்த பாலா பாலச்சந்திரன், பின்னர் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியராய் விளங்கி, 2004-இல் சென்னையில் கிரேட் லேக்ஸ் மேலாண்மைக் கல்லூரியை நிறுவினார். சிதம்பரத்தில் எம்.பி.ஏ. பயிலும் செலவு மேற்கூறிய 20 இலட்சத்தில் ஒரு சிறு கூறே.

இப்பொழுது தமையனாரின் தாளில் ஆனந்த், சிதம்பரம், திருச்சிராப்பள்ளி மேலாண்மைக் கழகம் என மூன்று பெயர்களே உள. நான்காவதாக ஜாம்ஷெட்பூரை எழுதி, அடித்து, மீண்டும் எழுதியிருக்கின்றார். தந்தையார் வினாவிற்கு இன்னும் விடை கூறினாரிலர்.