படகுக்கு ஏன் பெரிய எஞ்சின்?

'சிறு துரும்பும் பல் குத்த உதவும்' என்பது நம் முன்னோர் வாக்கு. சிறியதை இகழக் கூடாது என்பது உண்மையே. ஆயினும், எந்த வேலைக்கு எது பொருந்தும் என்று ஆராய்வதே அறிவியல்.

சிறிய கார் ஒன்றை 1 லிட்டர் கொள்ளளவுள்ள பெட்ரோல் எஞ்சின் எளிதாக இழுத்துச் செல்கிறது. ஆனால் ஐந்தாறு பேர் செல்லும் வேகப் படகில் 4 அல்லது 5 லிட்டர் எஞ்சினைக் காண்கிறோம். அமெரிக்க ஏரிகளில் ஓடும் படகுகள் பலவற்றில் ஷெவர்லே கார் எஞ்சினிலிருந்து உருவாக்கப்பட்ட, எட்டு சிலிண்டர்களைக் கொண்ட 5.7 லிட்டர் எஞ்சின் பல்லாண்டுகளாகப் பொருத்தப்பட்டு வந்தது. இந்த வேறுபாடு ஏன்? ஆராய்வோம்.

முதற் காரணம் தண்ணீர். அது காற்றைப் போல் ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. சமமான சாலையில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஓடும் சிறிய காருக்குச் சுமார் 15 குதிரைத் திறன் போதும். எஞ்சினின் மீதித் திறன் மேடு ஏறவும், பிற வண்டிகளை முந்தவும் மட்டுமே பயன்படுகிறது. காலை எடுத்தாலும் கார் வெகுதூரம் உருண்டு செல்லும். படகோ சற்று நேரத்திலேயே நின்றுவிடும். இறக்கமே இல்லாத மலைப்பாதையில் நாள் முழுவதும் ஏறிக்கொண்டிருக்கும் காரைக் கற்பனை செய்து பாருங்கள், தோழியரே! அதுவே படகு எஞ்சினின் நிலை.

இரண்டாவது காரணம், வேகப் படகு தண்ணீரைக் கிழித்துச் செல்வதில்லை. அதன் மேல் ஏறி வழுக்கிச் செல்கிறது. அப்படி ஏறும் வேளையில் மூக்கு உயர்ந்து, பின்புறம் தாழ்ந்து, படகு திணறும். காரில் முதல் கியரைப் போட்டுச் சமாளிக்கலாம். பெரும்பாலான படகுகளிலோ முன்னே செல்ல ஒரே கியர்தான். ஆகவே குறைந்த சுழற்சியிலேயே மிகுந்த இழுவை தரும் பெரிய எஞ்சின் தேவைப்படுகிறது.

மூன்றாவது காரணம் உந்து விசிறி. அதன் சுழற்சியை இருமடங்காக்கினால், தேவைப்படும் திறன் 2×2×2, அதாவது ஏறக்குறைய எட்டு மடங்காகிறது. மெதுவாகச் செல்லும் படகுக்குச் சிறிய எஞ்சினே போதும் என்பதும், வேகத்தை விரும்பினால் போதாது என்பதும் இதனால் விளங்கும்.

சிறிய எஞ்சினை மிக வேகமாகச் சுழற்றி அதே திறனைப் பெறலாமே என்று சிலர் கேட்கலாம். பெறலாம். ஆனால் மணிக்கணக்கில் முழு மூச்சுடன் உழைத்தால் வெப்பமும் தேய்மானமும் மிகும். சாலையில் எஞ்சின் நின்றால் வண்டியை ஓரங்கட்டலாம். நடுக்கடலில் நின்றால், அலையும் காற்றும் இழுத்த இழுப்புக்குத்தான் செல்ல வேண்டும். பெரிய எஞ்சினோ பாதி முயற்சியிலேயே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

டீசல் எஞ்சின் கூடாதா? நம் கடற்கரை மீன்பிடி விசைப்படகுகளில் இருப்பது டீசல் எஞ்சினே. அது எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடும். ஆனால் அதே திறனுக்குப் பெட்ரோல் எஞ்சின் எடை குறைந்தது. நீரின் மேல் எழ வேண்டிய படகுக்கு அது நன்மை. பெட்ரோலால் ஆபத்தும் உண்டு. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் தங்கி, ஒரு பொறி பட்டாலும் வெடிக்கும். எனவே எஞ்சின் அறையின் காற்றை மின்விசிறியால் வெளியேற்றிய பின்னரே எஞ்சினைக் கிளப்ப வேண்டும்.

1932-இல் அமெரிக்கரான கார் வுட், நான்கு பேக்கார்டு விமான எஞ்சின்களைப் பொருத்திய 'மிஸ் அமெரிக்கா 10' என்ற படகில் மணிக்குச் சுமார் 200 கி.மீ. வேகத்தை எட்டினார். 2021-இல் மெர்க்குரி நிறுவனம், படகின் வெளியே மாட்டும் 7.6 லிட்டர், 600 குதிரைத் திறன் எஞ்சினை வெளியிட்டது.

விவிலியத்தில், விளக்கோடு எண்ணெயையும் கூடுதலாக எடுத்துச் சென்ற ஐந்து கன்னியரை நாம் அறிவோம். 35 மதிப்பெண் போதும் என்று படிப்பவள், வினாத்தாள் சற்றுக் கடினமானாலும் கலங்குவாள். தேவைக்கு மேல் ஆற்றலைச் சேர்த்து வைத்தவளோ அமைதியாக எழுதுவாள். படகின் எஞ்சின் நமக்குக் கற்பிக்கும் பாடமும் இதுவே.