மலைநீரில் முக்குளிக்கக் கற்பிப்பவர்

தேக்கடி ஏரியில் பட்ட மரங்கள் நீருக்கு மேல் கரிய தூண்களாய் நிற்கின்றன. 1895ஆம் ஆண்டு முல்லைப் பெரியாறு அணை எழுந்தபோது மூழ்கிய காட்டின் எச்சங்கள் அவை. 2009 செப்டம்பர் 30 அன்று அவ்வேரியில் சுற்றுலாப் படகொன்று கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். தேடுதலுக்குக் கொச்சியிலிருந்து கடற்படை முக்குளிப்பு வீரர்கள் மலையேறி வர வேண்டியிருந்தது. இத்தகைய நீர்நிலைகளுக்கு அருகிலேயே முக்குளிப்போர் வேண்டும். அவர்களை உருவாக்கும் பயிற்றுநரும் வேண்டும்.

முக்குளித்தல் தமிழர்க்குப் புதிதன்று. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தோர் ஒரே மூச்சை அடக்கிக்கொண்டு கடலடிக்குச் சென்று மீண்டனர். 1943ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் ழாக் கூஸ்தோவும் எமில் கன்யானும் அமைத்த மூச்சுக்கருவி, அழுத்திய காற்றைக் கலனில் சுமந்து சென்று நீருக்கடியில் சுவாசிக்க வழிசெய்தது. அதனால் பாடமே தலைகீழானது. முத்துக்குளிப்பவர் முதலில் கற்றது மூச்சடக்குதல். ஸ்கூபா மாணவர் முதலில் கற்பது, ஒருபோதும் மூச்சை அடக்கலாகாது என்பது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகிறது. அங்கே நிறைத்த காற்றை நெஞ்சில் அடக்கியபடி மேலே வருபவரின் நுரையீரலில் அது இருமடங்காய் விரிய முயலும். நுரையீரல் அதைத் தாங்காது.

பயிற்றுநராகும் பாதை நீண்டது. அடிப்படைச் சான்று பெற்றவர் 18 மீட்டர் வரை செல்லலாம். அடுத்த நிலையில் 30 மீட்டர். பின்னர் மீட்புப் பயிற்சி, அதன்பின் பிறரை வழிநடத்தும் பயிற்சி. உலகில் பரவலாக உள்ள ஒரு முறையில், பயிற்றுநர் தேர்வு எழுத 18 வயதும் 100 முக்குளிப்புகளும் வேண்டும். இங்கிலாந்தில் 1953ஆம் ஆண்டு தோன்றிய பிரித்தானிய முக்குளிப்புக் கழகத்தின் வழி சற்று வேறு. அங்கே உள்ளூர்க் கிளையில் கற்றவரே ஊதியமின்றி அடுத்தவர்க்குக் கற்பிக்கிறார். பொழுதுபோக்கு என்று இதை எளிதாய் ஒதுக்க இயலாது. 2018இல் தாய்லாந்துக் குகைக்குள் சிக்கிய 12 சிறுவரையும் அவர்தம் பயிற்சியாளரையும் முதலில் கண்டறிந்த இருவர், விருப்பத்தால் குகை முக்குளிப்புப் பழகியவர்கள். அவருள் ரிக் ஸ்டான்டன் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர். பல்கலைக்கழக மாணவர் மன்றத்தில் முக்குளிக்கத் தொடங்கியவர்.

கேரளத்தில் இப்பொறுப்பைப் பெரிதும் தீயணைப்பு மீட்புத் துறை ஏற்றுள்ளது. ஃபோர்ட் கொச்சியில் அதற்கு நீர்மீட்புப் பயிற்சி மையம் உண்டு. 2025இல் பெண்கள் மட்டுமே அடங்கிய முக்குளிப்புக் குழுவும் உருவாயிற்று.

கடற்கரையில் கற்றவர்க்கு மலைநாடு வேறொரு கணக்கை வைத்திருக்கிறது. பாலக்காட்டு மலம்புழை அணையின் முழு நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 115 மீட்டர். இடுக்கியிலோ சுமார் 732 மீட்டர். முந்நூறு மீட்டருக்கு மேற்பட்ட நீர்நிலையில் கடலுக்கு வகுத்த நேர அட்டவணை அப்படியே பொருந்தாது. இடுக்கியில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ 8 சதவீதம் குறைவு. ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன், மேலே அழுத்தம் குறையக் குறையக் குமிழிகளாய்ப் பிரியும். சோடாப் புட்டியைத் திறக்கும்போது நிகழ்வதும் இதுவே. ஆகவே மலையில் முக்குளிப்பவர் உண்மை ஆழத்தைக் கூட்டிக் கணக்கிட்டு, குறைந்த நேரமே கீழே தங்க வேண்டும். காலையில் கொச்சிக் கடலில் மூழ்கியவர் அன்று மாலையே மூணாற்றுக்கு வண்டியேறுவதும் இதனாலேயே தவறு. நீரை விட்டு வெளிவந்த பின்னும் உடல் மேலேறிக்கொண்டேதான் இருக்கிறது!

மூழ்கிய மரங்களோ வேறோர் இடர். கிளைகளில் கருவியின் குழாய் சிக்கலாம். கலங்கிய நீரில் கைக்கெட்டும் தொலைவும் தெரியாது போகலாம். அப்போது துணைவரின் கையையும் கயிற்றையும் தவிர வேறு வழிகாட்டி இல்லை. பயிற்றுநர் மாணவரை முதலில் தெளிந்த குளத்தில் பழக்குவதும், சளி பிடித்துக் காது அடைத்தவரைக் கரையிலேயே நிறுத்துவதும் இதை எண்ணித்தான். மாணவர் சினந்தாலும் அன்று அவர் நீரில் இறங்குவதில்லை.

சிந்தித்து எழுதுக

1. முத்துக்குளிப்போர் மூச்சடக்கினர்; ஸ்கூபா மாணவர் அடக்கலாகாது. ஏன்?
2. மலம்புழையில் பழகியவர் இடுக்கியில் எக்கணக்கை மாற்ற வேண்டும்?