பெர்ல் மொழியில் வகுப்பும் பொருளாக்கமும்

கணிப்பொறிக்கு ஏவலிடும் மொழிகளுள் பெர்ல் என்பதும் ஒன்று. மொழியியல் பயின்ற லாரி வால் என்னும் அமெரிக்கர் 1987-ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டார். 1994-இல் வந்த ஐந்தாம் பதிப்பிலேதான் வகுப்பு, பொருள் என்னும் இரண்டும் இதன்கண் இடம்பெற்றன. அவை அமைந்த முறை இலக்கணம் பயில்வார்க்கும் சுவை பயப்பதாகலின், ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

வகுப்பாவது யாது? பேக்கேஜ் என்னுஞ் சொல்லால் தொடங்கி, ஒரு பெயரின்கீழ்த் தொகுக்கப்பெற்ற செயல்முறைகளின் கூட்டமே. பொருளாவது யாது? தான் எவ்வகுப்பினது என்னும் முத்திரை பெற்ற தரவே. பொருளைப் பிறப்பிக்கும் செயல்முறையை ஆக்கி என்போம்.

நூல்நிலையத்திற்கென ‘நூல்’ என்றொரு வகுப்பை அமைப்பதாகக் கொள்வோம். அதன் ஆக்கி மூன்று தொழில் புரியும். முதலாவது, தன்னை அழைத்த வகுப்பின் பெயரை முதல் உள்ளீடாக ஏற்கும். இரண்டாவது, தலைப்பு, ஆசிரியர் முதலிய விவரங்களைப் புதியதொரு ஹாஷில் பெயரும் மதிப்புமாக அடுக்கும். மூன்றாவது, பிளெஸ் என்னும் ஏவலால் அந்த ஹாஷின்மேல் வகுப்பின் முத்திரையை இட்டு, அதனைச் சுட்டும் ரெஃபரன்ஸை அழைத்தவரிடம் அளிக்கும். முத்திரை படிவது சுட்டின்மேல் அன்று, சுட்டப்படும் ஹாஷின்மேலேயாம். ஆதலின் ஒரு பொருளைப் பல சுட்டுகள் சுட்டினும், அவையெல்லாம் ஒரு வகுப்பையே காட்டும்.

ஆக்கிக்கு நியூ எனப் பெயரிடுதல் மரபேயன்றி விதியன்று. பிளெஸ்ஸுக்கு வகுப்பின் பெயரைக் கொடுத்தலும் கட்டாயமன்று. ஆயினும் அதனை விடுத்தல் தீங்காய் முடியும். பெயரைக் கொடாவிடின், அவ்வேவல் எழுதப்பட்டிருக்கும் பேக்கேஜின் பெயரே முத்திரையாகிவிடும். ‘நூல்’ வகுப்பினின்று ‘அகராதி’ என்னும் சேய்வகுப்பைத் தோற்றுவித்து, அதன்வழி ஆக்கியை அழைத்தால், பிறப்பது அகராதியாகாது. வெறும் நூலாகவே நிற்கும். சொல் தேடுதல் முதலாய அகராதிக்குரிய தொழில்களை அஃது அறியாது. பிழை நேர்ந்த இடத்தில் நிரல் நிற்பதுமில்லை. பின்னர் எங்கேனும், அத்தொழிலை ஏவும்போதுதான் குற்றம் வெளிப்படும். எனவே ஏற்ற பெயரைப் பிளெஸ்ஸுக்கு அளித்தலே ஆக்கியின் தலையாய கடன் என்க.

இன்னுமொன்று: பொருளின் உள்ளறையைப் பிறர் தொடாதபடி இம்முறை பூட்டிடுவதில்லை. அமைத்தவன் தகுந்த செயல்முறைகளை வாயிலாக வைத்தலும், பயன்படுத்துவோன் அவ்வாயில்வழியே புகுதலும் நாகரிகமாம்.

2023-இல் வந்த 5.38-ஆம் பதிப்பில் கிளாஸ் என்னுஞ் சொல்லே சோதனைமுறையாகச் சேர்க்கப்பட்டது. அம்முறையில் ஆக்கி தானே அமையும். எனினும், பழைய முறையில் எழுதப்பட்ட நிரல்களைப் படிக்கவும் திருத்தவும் விரும்புவார் பிளெஸ்ஸின் இயல்பை ஐயமற உணர்தல் வேண்டும்.