5 லட்சம் ரூபாய் கார்டு இருந்தும் பல் கட்ட முடியலையா? அப்பா அம்மாவின் பல் செலவுக்கு என்ன வழி?

போன தடவை ஊருக்குப் போனப்போ, அப்பா முறுக்கை டீயில் ஊற வச்சு சாப்பிட்டுட்டு இருந்தார். கேட்டா, "கடவாய்ப் பல் போய் ஆறு மாசம் ஆச்சுப்பா. கார்டு செல்லாதுன்னுட்டாங்க, அப்படியே விட்டுட்டேன்"னார்.

அவர் சொன்னது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டக் கார்டு. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை கவர். அப்புறம் ஏன் செல்லாது?

அந்தத் திட்டம் முக்கியமா ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகிச் செய்யும், பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கானது. ரூட் கெனால், பல் செட் எல்லாம் அன்னைக்கே வீட்டுக்கு வந்துடற ஓபி சிகிச்சை. தனியார் பாலிசியிலும் பெரும்பாலும் இதே கதைதான். விபத்தில் பல் உடைந்தால் கிளெய்ம் உண்டு, சொத்தைப் பல்லுக்குக் கிடையாது.

அப்போ எங்கே தேடலாம்?

1. உங்க பேஸ்லிப்பில் இஎஸ்ஐ பிடித்தம் இருக்கா? உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் அதில் ஓபி வசதி உண்டு. பல் சிகிச்சையும் கேளுங்க.
2. அப்பாவோ அம்மாவோ மத்திய அரசு பென்ஷனரா? சிஜிஎச்எஸ் திட்டத்தில் பல் சிகிச்சை உண்டு.
3. ஆபீஸ் குரூப் பாலிசியில் பெற்றோர் இருந்தால், ஓபி அல்லது டென்டல் பெனிஃபிட் இருக்கான்னு ஹெச்ஆர்கிட்ட எழுத்தில் கேளுங்க.
4. எதுவுமே இல்லையா? அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போங்க. சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கு. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் கிளினிக்கை விடக் கட்டணம் பொதுவா குறைவு. என்ன, ரெண்டு மூணு தடவை கூடுதலா அலையணும்.

கைக்காசு போட்டாலும் வரியில் கொஞ்சம் மீட்கலாம். 60 வயது தாண்டிய பெற்றோருக்கு நீங்க செய்யும் மருத்துவச் செலவுக்கு, வருமான வரியில் வருஷம் 50,000 ரூபாய் வரை கழிவு உண்டு. மூணு நிபந்தனை:

• நீங்க பழைய வரி முறையில் இருக்கணும்.
• அவங்களுக்குப் பிரீமியம் கட்டிய ஹெல்த் பாலிசி இருக்கக் கூடாது. அரசு கார்டுக்கு நாம பிரீமியம் கட்டறதில்லை. அதனால அது தடையில்லைன்னுதான் நான் புரிஞ்சுக்கறேன். ஆனாலும் உங்க ஆடிட்டர்கிட்ட ஒரு தடவை கேட்டுக்கோங்க.
• ரொக்கமா கொடுத்தால் கழிவு கிடையாது.

இந்த மூணாவதுலதான் நான் கோட்டை விட்டேன். அப்பாவைக் கிளினிக்கில் சேர்த்துவிட்டு ஆபீஸ் வேலையா திரும்பி வந்துட்டேன். 38,000 ரூபாய் பில்லை அவரே பீரோவில் இருந்து எடுத்து ரொக்கமா கட்டிட்டார். 20% ஸ்லாபில் இருப்பவருக்கு, 4% செஸ் சேர்த்து, 7,904 ரூபாய் வரி மிச்சமாகியிருக்கும். என் கணக்கில் இருந்து யுபிஐ-யில் அனுப்பி, பில்லை வாங்கி வச்சிருந்தாலே போதும். நாலு பேருக்குச் சொல்ற ஆடிட்டர், சொந்த வீட்டில் மறந்துட்டேன்.

வரியை விடுங்க. ஆறு மாசம் அவர் ஒரு பக்கமாவே மென்னிருக்கார், எனக்குத் தெரியலை. இந்த வாரம் வீட்டுக்குப் போன் பண்ணும்போது "சாப்பிட்டீங்களா"வோட நிறுத்தாம, "நல்லா மெல்ல முடியுதா"ன்னும் கேளுங்க.