மின்னஞ்சல் கணினியில் சேவைகளைத் தொடங்கும் முறை

அந்தமான் நிக்கோபார் தீவுகள் நெடுங்காலம் செயற்கைக்கோள் இணைப்பையே நம்பியிருந்தன. சென்னையையும், இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேரையும் இணைக்கும் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. சுமார் 2,300 கி.மீ. நீளமுள்ள அது பெரிய நிக்கோபார் வரை செல்கிறது. எனினும் இணைப்போ மின்சாரமோ தடைபடக்கூடும் என்பதை மறத்தல் இயலாது. தீவு அலுவலகம் ஒன்று தனக்கென மின்னஞ்சல் கணினி நடத்துவதாகக் கொள்வோம். அதன் சேவைகளை எவ்வாறு தொடங்குவது?

வெளியிலிருந்து அஞ்சலைப் பெறும் எஸ்.எம்.டி.பி. சேவைக்குப் போர்ட் எண் 25. பயனர் தம் அஞ்சலை எடுத்துக்கொள்ளும் பாப்-3 சேவைக்கு 110. இவற்றைத் தொடங்கும் பழைய வழிகள் இரண்டு.

முதலாவது, தனித்து இயங்கும் முறை. கணினி இயங்கத் தொடங்கியதும் சேவை நிரலும் தொடங்கி, ஓயாது காத்திருக்கும். அஞ்சலக எழுத்தர் நாள் முழுதும் தம் இருக்கையில் இருப்பதை இது ஒக்கும். இரண்டாவது, 1986-இல் வெளிவந்த 4.3 பி.எஸ்.டி. யூனிக்ஸில் இடம்பெற்ற 'இனெட்-டி' முறை. இங்கு ஒரே காவலர் எல்லா வாயில்களையும் கவனித்து, ஆள் வந்தபின் உரிய எழுத்தரை அழைக்கிறார். நினைவகம் மிச்சமாகிறது.

இணைப்பு சில மணி நேரம் அறுந்து மீளும்போது இவற்றின் வேறுபாடு புலனாகும். தேங்கிய அஞ்சலுடன் வெளிக் கணினிகள் பலவும் ஒருங்கே வரும். இனெட்-டி ஒவ்வொன்றுக்கும் புதிதாக நிரலைத் தொடங்கும். அதன் பல பதிப்புகள், நிமிடத்திற்கு இத்தனை அழைப்புகள் என்ற வரம்பு மீறப்பட்டால், கோளாறு எனக் கருதிச் சேவையைச் சிறிது நேரம் நிறுத்திவிடும். அஞ்சல் மிகுதியாக வரும் வேளையில் வாயில் அடைபடும். தனித்து இயங்கும் சென்ட்மெயில் நிரலோ சுமையைக் கவனித்து ஏற்பைக் கட்டுப்படுத்தும். வெளியே செல்ல வேண்டிய அஞ்சலையும் குறித்த இடைவெளியில் மீண்டும் அனுப்பிப் பார்க்கும்.

ஆகவே அடிக்கடி அழைக்கப்படுவதும், தொடங்க நேரம் பிடிப்பதுமான சேவை தனித்து இயங்கட்டும். எப்போதேனும் பயன்படுவதை அழைப்பின்பேரில் தொடங்கலாம். 1998-இல் வெளிவந்த போஸ்ட்பிக்ஸ் இரண்டையும் இணைத்தது: அதன் தலைமை நிரல் நிலையாக நின்று, துணை நிரல்களைத் தேவைக்கேற்பத் தொடங்கி, ஒவ்வொன்றையும் பல இணைப்புகளுக்குப் பயன்படுத்துகிறது. 2010-இல் வந்த 'சிஸ்டம்-டி', முதல் அழைப்பு வந்ததும் சேவையைத் தொடங்கி நிலைநிறுத்தவும், அது நின்றால் மீண்டும் தொடங்கவும் வல்லது.

எம்முறையாயினும், மின்தடைக்குப் பின் சேவை மனிதர் துணையின்றித் தொடங்க வேண்டும். சேராத அஞ்சலைக் குறைந்தது 4 அல்லது 5 நாட்கள் மீண்டும் மீண்டும் அனுப்பிப் பார்க்குமாறு இணைய நெறிமுறை கூறுகிறது. அதன்பின் அது அனுப்பியவருக்கே திரும்பும். கப்பலேறி நிபுணர் வந்து சேர்வதற்குள் அத்தவணை கடந்துவிடக் கூடாது. எனவே பொறுப்பாளர், விடுமுறை நாளொன்றில் கணினியை முறைப்படி நிறுத்தி மீண்டும் இயக்கி, எல்லாச் சேவைகளும் தாமே எழுகின்றனவா என்று சோதித்தல் நன்று.