ஜிப்புக்குள் வரும் பெயரை நம்பாதீர்கள்

இம்போர்ட் பட்டன் உள்ள மென்பொருளில் வேலை பார்ப்பவர்கள் தங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம்: பயனர் ஏற்றும் ஜிப்புக்குள் இருக்கும் ஃபைல்களுக்குப் பெயர் வைத்தது யார்? நாம் இல்லை. முகம் தெரியாத யாரோ ஒருவர். ஆனாலும் பெரும்பாலான டீம்களில் ஃபைலின் அளவைப் பார்ப்பார்கள், வைரஸ் ஸ்கேன் செய்வார்கள், பெயரை மட்டும் அப்படியே எடுத்து ஃபோல்டர் பாதையோடு ஒட்டிவிடுவார்கள். பார்சலைப் பிரித்துச் சோதித்த வாட்ச்மேன், அதன்மேல் 'முதலாளி அறை பீரோவில் வைக்கவும்' என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு நேராக அங்கேயே கொண்டுபோய் வைப்பதற்குச் சமம் இது.

நுட்பம் எளிமையானது. இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் (../) சேர்ந்தால் 'ஒரு ஃபோல்டர் மேலே போ' என்று பொருள். பெயரின் முன்னால் அதை ஏழெட்டு முறை போட்டால் அப்லோட் ஃபோல்டரைத் தாண்டி சர்வரின் எந்த மூலைக்கும் போகலாம். இதற்குப் பெயர் பாத் டிராவர்சல். பலவீனங்களின் பட்டியலில் சிடபிள்யூஇ-22. பல பத்தாண்டுப் பழைய சங்கதிதான். ஆனாலும் மிக ஆபத்தான 25 பலவீனங்களின் 2024 பட்டியலில் ஐந்தாம் இடத்தில் இருந்தது.

ஏன் இன்னும் ஒழியவில்லை என்பதற்குக் கிட்லேப் நல்ல பாடம். ஒரு ப்ராஜெக்டை டார் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து வேறு இடத்தில் இம்போர்ட் செய்யும் வசதி அதன் 8.9 பதிப்பில் வந்தது. முதலில் அட்மின்களுக்கு மட்டும், 8.13 பதிப்பில் எல்லாப் பயனர்களுக்கும் திறந்துவிட்டார்கள். டாருக்குள் ப்ராஜெக்டின் விவரங்களைச் சுமந்த ஒரு ஜேசன் ஃபைல் இருக்கும். அந்த ஃபைலுக்குப் பதிலாக, அதே பெயரில் ஒரு சிம்லிங்க், அதாவது சர்வரில் உள்ள வேறொரு ஃபைலைச் சுட்டும் குறுக்குவழி, இருந்தால் என்ன ஆகும்? சர்வர் அந்த ஃபைலைத் திறக்கிறது. உள்ளே இருப்பது ஜேசன் இல்லை. 'இதைப் படிக்க முடியவில்லை' என்று பிழைச்செய்தி வருகிறது. எதைப் படிக்க முடியவில்லையோ, அந்த வரிகளும் செய்தியோடு சேர்ந்து திரைக்கு வந்துவிடுகின்றன. சர்வரின் ரகசியத்தைச் சர்வரே வாசித்துக் காட்டுகிறது. 2016 நவம்பரில் அவசரமாகத் திருத்தினார்கள். சிவிஇ-2016-9086 என்று பதிவாகியிருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது சிம்லிங்க் மட்டுமல்ல. டாரைப் பிரித்த கோட், ஜேசனைப் படித்த கோட், பிழையைக் காட்டிய கோட் என்று தனித்தனியாக ரிவியூ செய்தால் மூன்றுமே பாஸாகும். குறை 8.9-லிருந்தே இருந்தது, 8.13-ல் மாறியது அதை யார் தொடலாம் என்பது. என் கருத்தில், 'இந்த வசதியை இனி எல்லாருக்கும் கொடுக்கிறோம்' என்று ப்ராடக்ட் மேனேஜர் சொல்லும் நாள்தான் அந்தப் பழைய கோடை மறுபடி திறந்து பார்க்க வேண்டிய நாள். பல கம்பெனிகளில் அன்றைக்குப் பட்டனின் நிறத்தைப் பற்றித்தான் மீட்டிங் நடக்கும்.

இம்போர்ட் என்று பெயர் இருந்தால்தான் இம்போர்ட் என்றும் இல்லை. அதே கிட்லேப்பில் 2020-ல் ஜிப்பும் டாரும் இல்லாமலே இது நடந்தது. ஓர் இஷ்யூவை ஒரு ப்ராஜெக்டிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தினால் அதன் இணைப்பு ஃபைல்களும் கூடவே காப்பியாகும். இணைப்பின் முகவரிக்குள் அந்தப் புள்ளிகளைச் செருகிவிட்டு நகர்த்தினால், சர்வரில் இருந்த வேறு ஃபைலே காப்பியாகி வந்து சேர்ந்தது. கண்டுபிடித்தவருக்கு 20,000 டாலர் பரிசு கிடைத்தது. உங்கள் மென்பொருளில் காப்பி, மூவ், பேக்கப்பிலிருந்து மீட்பது, தீம் ஏற்றுவது, மொத்தமாக ரெஸ்யூமே ஏற்றுவது எல்லாம் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பட்டியல் நினைத்ததைவிட நீளும்.

சரி, எப்படித் தடுப்பது? முதலில் தவறான வழிகள். பெயரிலிருந்து ../ என்பதை நீக்கிவிட்டால் போதும் என்பார்கள். ஒருவர் ....// என்று கொடுத்தால், நடுவிலிருப்பதை நீக்கியதும் மிச்சம் இருப்பது மறுபடி ../ தான். பைத்தானில் பாத் ஜாயின் பாதுகாப்பானது என்று நம்புகிறவர்கள் உண்டு. இரண்டாவதாகக் கொடுத்த பாதை சாய்கோட்டில் தொடங்கினால், முதலாவதை அது சத்தமில்லாமல் தூக்கி எறிந்துவிடும். 'பாதை நம் ஃபோல்டரின் பெயரில் தொடங்குகிறதா' என்ற சோதனையும் ஏமாற்றும்: டேட்டா/இம்போர்ட் என்பதை அனுமதித்தால், பக்கத்தில் இருக்கும் டேட்டா/இம்போர்ட்_பழையதும் அதில் தேறிவிடும்.

நல்ல வழி, வந்த பெயரைப் பாதையில் பயன்படுத்தாமலே விடுவது. நீங்களே ஒரு ஐடி உருவாக்கி அந்தப் பெயரில் சேமியுங்கள். பயனர் கொடுத்த பெயர் டேட்டாபேஸில் ஒரு வெறும் எழுத்துச் சரமாகக் கிடக்கட்டும், திரையில் காட்ட மட்டும். தீம், சோர்ஸ் கோட் போல ஃபோல்டர் அமைப்பே தேவைப்படும் இடங்களில் இது முடியாது. அங்கே முழுப் பாதையையும் சிம்லிங்க் வரை அவிழ்த்து, உண்மையான இடத்தைக் கண்டுபிடித்த பிறகே ஒப்பிட வேண்டும். ஒப்பிடும்போது கடைசிச் சாய்கோட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆர்க்கைவுக்குள் வரும் சிம்லிங்க்குகளை மறுத்துவிடுவது மேல்.

லைப்ரரி பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. பைத்தானின் ஜிப்ஃபைல் மாட்யூல் பிரிக்கும்போது அந்தப் புள்ளிகளைத் தானே களைந்துவிடும். அதே மொழியின் டார்ஃபைல் மாட்யூல் அப்படிச் செய்யவில்லை. 2007-லேயே இது சிவிஇ-2007-4559 என்று பதிவானது. 2022-ல் டிரெலிக்ஸ் ஆய்வாளர்கள் மறுபடி கிளறியபோதும் அப்படியேதான் இருந்தது. 3.12-ல் ஃபில்டர் என்ற வசதி வந்தது. பாதுகாப்பான 'டேட்டா' ஃபில்டர் தானாகவே இயங்குவது 3.14-லிருந்துதான். உங்கள் சர்வரில் ஓடுவது அதற்கு முந்தையதென்றால் 'டேட்டா' ஃபில்டரை நீங்களே வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். ஜாவாவின் கதை வேறு: ஒரே அழைப்பில் ஜிப்பைப் பிரிக்க அதில் பொதுவான வழி இல்லாததால், இணையத்தில் கிடைத்த துண்டுக் கோடை எல்லாரும் ஒட்டினார்கள். 2018-ல் ஸ்னிக் நிறுவனம் 'ஜிப் ஸ்லிப்' என்று பெயரிட்டு வெளியிட்டபோது, ஆயிரக்கணக்கான ப்ராஜெக்டுகள் அதில் சிக்கியிருந்தன.

எக்ஸ்போர்ட் பக்கத்தை யாரும் தன் வேலை என்று நினைப்பதில்லை. வாடிக்கையாளர் பெயரை ஃபைல் பெயராக்கி ஜிப் தயாரித்துக் கொடுக்கிறீர்கள் என்றால், அந்தப் பெயரில் புள்ளிகளை வைத்தவர் உங்கள் கம்பெனியின் கையாலேயே இன்னொருவர் கணினியைத் தாக்கலாம். பிரிக்கும் மென்பொருள் சமாளித்துக்கொள்ளும் என்று விட முடியாது. வின்ரார் 2025 ஜூலையில் 7.13 பதிப்பில் அடைத்த ஓட்டையும் இந்த வகைதான். அதன் வழியே விண்டோஸின் ஸ்டார்ட்அப் ஃபோல்டருக்குள் ஃபைலைப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

உங்கள் மென்பொருளில் இப்படி ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தீர்கள் என்றால் டிக்கெட்டை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. 'செக்யூரிட்டி ரிஸ்க் உள்ளது' என்று எழுதினால் அடுத்த ஸ்பிரிண்ட், அதற்கடுத்தது என்று தள்ளிப்போகும். எந்த ரோல் உள்ள பயனர், எந்தத் திரையில், எந்த ஃபைலை ஏற்றினால், சர்வரின் எந்த ஃபைல் வெளியே வந்தது என்று எழுதி, சோதனை ஆர்க்கைவையும் இணையுங்கள். ../ உள்ளது, சாய்கோட்டில் தொடங்குவது, விண்டோஸின் தலைகீழ்ச் சாய்கோடு, சிம்லிங்க் என்று நான்கு போதும். பிறகு அவையே நிரந்தர டெஸ்டுகளாகிவிடும். சோதிப்பது டெஸ்ட் சர்வரில் மட்டும். பிறர் தளத்தில் அனுமதியின்றி முயன்றால், இந்தியாவில் ஐடி சட்டத்தின் 66-ஆம் பிரிவு குறுக்கே வரும். லீட் காது கொடுக்காவிட்டால் செக்யூரிட்டி டீமுக்கு சிசி போட்டு அனுப்புவதில் கூச்சம் வேண்டாம். அவர் ஒரு வாரம் முகம் சுளிப்பார், அவ்வளவுதான்.

இன்டர்வியூவில் இது 'ஜிப் அப்லோட் வசதி ஒன்றை டிசைன் செய்யுங்கள்' என்ற வேடத்தில் வரும். எடுத்தவுடன் கோட் எழுதத் தொடங்காமல், 'யார் ஏற்றுவார்கள்? உள்ளே ஃபோல்டர் அமைப்பு தேவையா?' என்று கேளுங்கள். கேட்டவர் நிமிர்ந்து உட்கார்ந்தால், ஐடி பெயரில் சேமிக்கும் வழியைச் சொல்லிவிட்டு, கிட்லேப்பின் 2016 சம்பவத்துக்குப் போங்கள். 'நீங்களாக இருந்தால் எங்கே தடுத்திருப்பீர்கள்?' என்று கட்டாயம் கேட்பார். பிழைச்செய்தியைச் சுருக்குவது என்று சொன்னால் பாதி மதிப்பெண்தான். டாரைப் பிரிக்கும்போதே சிம்லிங்க்கை மறுப்பேன் என்று தொடங்குங்கள்.