பட்டன் வைத்தால் நிற்க வேண்டும்

அன்புள்ள மருமகனுக்கு,

மண்டபத்தில் மீன் கம்பெனியில் கணக்குக்குச் சேர்ந்துவிட்டாய் என்று அக்கா சொன்னாள். சந்தோஷம். எக்செலின் மேல்பட்டையில் வேண்டிய பட்டன்களை எடுத்து வைத்தால் மறுநாள் காணாமல் போகிறது என்கிறாயே, அதற்குக் காரணம் உண்டு.

அந்தப் பட்டன்கள் எங்கே குடியிருக்கின்றன என்று முதலில் தெரிந்துகொள். விண்டோஸில் நீ எந்தப் பெயரில் நுழைகிறாயோ, அந்தப் பெயருக்குரிய ஃபோல்டரில் ஒரு சின்ன ஃபைலாக இருக்கின்றன. காலையில் வருகிற கணக்கர் வேறு பெயரில் நுழைந்தால் அவருக்கு உன் பட்டன் தெரியாது. ஃபைலைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் விண்டோஸ் பட்டனையும் 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அழுத்தி, லோக்கல்ஆப்டேட்டா என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக, முன்னும் பின்னும் சதவீதக் குறி போட்டு என்டர் தட்டு. மைக்ரோசாஃப்ட், அதற்குள் ஆஃபீஸ். அங்கே எக்செல் என்ற பெயரோடு 'ஆஃபீஸ்யூஐ' என்று முடியும் ஃபைல் இருக்கும். 2010 முதல் வந்த பதிப்புகளுக்கு இதுதான்.

உன் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் வேறு இடத்தில். ஃபைல், ஆப்ஷன்ஸ், குயிக் ஆக்சஸ் டூல்பார் என்று போனால் வலப்பக்கம் மேலே ஒரு பெட்டி வரும். அதில் 'எல்லா டாக்குமென்ட்டுக்கும்' என்பதற்குப் பதிலாக, திறந்திருக்கும் ஒர்க்புக்கின் பெயரைத் தேர்ந்திருப்பாய். அப்படியானால் பட்டன் அந்த ஒரு ஃபைலோடு மட்டும் போகும். நேற்றைய ஏலக் கணக்கில் இருக்கும், இன்று புதிதாகத் திறந்ததில் இருக்காது.

மேக்ரோ பட்டன் என்றால் இன்னொரு சிக்கல். பட்டன் பட்டையில் நிற்கும்; மேக்ரோ வேறு ஃபைலில் இருந்து, அந்த ஃபைலை யாராவது இடம் மாற்றிவிட்டால் அழுத்தும்போது பிழைதான் வரும். ரெக்கார்ட் செய்யும்போதே 'பெர்சனல் மேக்ரோ ஒர்க்புக்' என்பதில் சேமி.

2003 பதிப்பை இன்னும் ஓட்டுகிற பழைய கம்ப்யூட்டர் உங்கள் ஆபீஸில் இருந்தாலும் இருக்கும். அதில் டூல்பார் மாற்றம் எக்செலை முறையாக மூடும்போதுதான் எழுதப்படும். இடையில் கரன்ட் போனால் போனதுதான். புதிய பதிப்பிலும் மாற்றியதும் ஒருமுறை மூடித் திறந்து பார்த்துவிடு.

எத்தனை பட்டன் வைப்பது? என்னைக் கேட்டால் ஒன்பதுக்கு மேல் வேண்டாம். முதல் ஒன்பதுக்கும் ஆல்ட்டோடு எண்ணை அழுத்தினால் போதும், மவுஸே வேண்டாம். முதலிடத்தை 'பேஸ்ட் வேல்யூஸ்' பட்டனுக்குக் கொடு. ஏலத் தாளிலிருந்து நண்டு, கணவாய், இறால் கிலோவை எடுத்து ஒட்டும்போது ஃபார்முலா கூடவே ஒட்டிக்கொண்டு வராது. எண் மட்டும் விழும்.

வீட்டில் உன் அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த லேப்டாப்பில் லிப்ரெஆஃபீஸ் வைத்திருக்கிறீர்கள் அல்லவா? அதில் டூல்ஸ், கஸ்டமைஸ், டூல்பார்ஸ் என்று போ. அங்கும் 'ஸ்கோப்' என்ற பெட்டியில் கால்க் என்று இருக்கிறதா, ஃபைலின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். அதில் பட்டையை மட்டும் தனியாக எக்ஸ்போர்ட் செய்ய வழி இல்லை. யூசர் புரொஃபைல் ஃபோல்டரையே காப்பி எடுத்து வை.

எக்செலில் அந்தச் சிரமம் கிடையாது. அதே ஆப்ஷன்ஸ் பக்கத்தின் அடியில் 'இம்போர்ட்/எக்ஸ்போர்ட்' இருக்கிறது. எக்ஸ்போர்ட் செய்தால் பட்டையும் ரிப்பனும் ஒரே ஃபைலாக வெளியே வரும். இன்னொரு கம்ப்யூட்டரில் இம்போர்ட் செய்யும்போது மட்டும் கவனம்: அங்கே ஏற்கெனவே இருக்கும் அமைப்பெல்லாம் போய்விடும். முதலாளி கம்ப்யூட்டரில் கேட்காமல் செய்து வைக்காதே.

எக்ஸ்போர்ட்டை எப்போது செய்வது என்றும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கிற அந்த நாட்களில்தான் கம்ப்யூட்டரையும் சர்வீஸுக்கு அனுப்புவார்கள். விண்டோஸைப் புதிதாகப் போட்டுத் திருப்பித் தந்தால் உன் பெயர் ஃபோல்டரே இருக்காது. ஏப்ரல் பிறந்ததும் எக்ஸ்போர்ட் செய்து, பென்டிரைவில் ஒன்று வைத்து, உன் மெயிலுக்கும் ஒன்று அனுப்பிவிடு.

அன்புடன்,
மாமா